மலை வீட்டு ஷவர்: டைல்ஸுக்கு முன் வெந்நீர்க் கணக்கு

கோயம்புத்தூரிலோ மதுரையிலோ கடைக்குப் போனால் முதலில் கண்ணில் படுவது, தலைக்கு மேல் தட்டையாகத் தொங்கும் பெரிய மழை ஷவர்தான். சமவெளி வீட்டுக்கு அது பொருந்தும். அதையே ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ கொண்டுவந்து மாட்டினால், தை மாதக் காலையில் நாலு நிமிஷம் வெந்நீர் வரும். ஐந்தாவது நிமிஷத்தில் பற்கள் தந்தியடிக்கும். ஷவரில் கோளாறு ஒன்றும் இருக்காது. தண்ணீரின் சூடு, விழும் அழுத்தம், குளித்த பின் அறை காயும் வேகம் ஆகிய மூன்றையும் கணக்கிட்ட பிறகுதான் மலையில் டைல்ஸின் நிறத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

வெந்நீர்க் கணக்கு

உடம்புக்கு இதமான சூடு 40 டிகிரி. சமவெளியில் தொட்டித் தண்ணீர் 28 டிகிரி இருக்கும். உதகையில் உறைபனி விழும் டிசம்பர், ஜனவரி காலையில் கூரை மேல் தொட்டியில் இருப்பதை 10 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 லிட்டர் கீசரில் 60 டிகிரிக்குச் சூடேற்றிய தண்ணீரைப் பச்சைத் தண்ணீரோடு கலந்தால், சமவெளியில் சுமார் 67 லிட்டர் குளியல் நீர் கிடைக்கும். மலையில் அதே கீசர் கொடுப்பது 42 லிட்டர்தான். தொட்டியிலிருந்து உள்ளே நுழையும் குளிர்நீர் கீசருக்குள்ளேயே கலப்பதால் உண்மையில் இன்னும் கொஞ்சம் குறையும். நிமிஷத்துக்கு 10 லிட்டர் கொட்டும் ஷவரில் அது 4 நிமிஷம்; 6 லிட்டர் ஷவரில் 7 நிமிஷம்.

அடுத்தவர் காத்திருக்கும் நேரமும் கூடும். 2 கிலோவாட் கீசர் 25 லிட்டரை 28 டிகிரியிலிருந்து 60க்குக் கொண்டுபோக 28 நிமிஷம் எடுக்கும்; 10 டிகிரியிலிருந்து என்றால் 44 நிமிஷம். மின்கம்பி வரிசையின் கடைசி வீடாக இருந்து வோல்டேஜ் 180க்கு இறங்கினால், 2 கிலோவாட் என்பது 1.2 ஆகச் சுருங்கிவிடும். அப்போது 70 நிமிஷத்தைத் தாண்டும். ஆகவே நாலு பேர் வீட்டுக்கு 50 லிட்டர் கீசர் வாங்குங்கள். ஷவரை நிமிஷத்துக்கு 6 முதல் 8 லிட்டருக்குள் வையுங்கள். 4 அங்குல விட்டமுள்ள சாதாரண ஷவரும், கம்பியில் மேலும் கீழும் நகரும் கை ஷவரும் இந்த அளவுக்குள் அடங்கும். கை ஷவரை உடம்புக்கு அருகில் இறக்கிக்கொள்ளலாம் என்பதால் தண்ணீர் காற்றில் ஆறாமல் மேலே விழும். குளிரில் இதற்கு இணையான வசதி வேறில்லை.

3 கிலோவாட் உடனடி கீசரை ஷவருக்கு நம்பாதீர்கள். தண்ணீரை 30 டிகிரி உயர்த்த வேண்டுமென்றால் அதிலிருந்து நிமிஷத்துக்கு ஒன்றரை லிட்டர்கூட வராது. கேஸ் கீசரைக் குளியலறைக்குள் வைக்கவே கூடாது. குளிருக்குப் பயந்து ஜன்னலை இறுக மூடும் ஊரில், அது வெளியிடும் கார்பன் மோனாக்சைடு மணமில்லாமல் உயிரை எடுத்துவிடும். வைத்தே ஆகவேண்டுமென்றால் வெளிச்சுவரில், திறந்த காற்றில் வைத்துக் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள். சூரிய ஹீட்டர் போடுபவர்கள் கண்ணாடிக் குழல் வகையைத் தேர்ந்தெடுங்கள். தட்டைப் பலகை வகையில் உறைபனி இரவில் உள்ளே நிற்கும் நீர் உறைந்து குழாய் வெடிக்கலாம். எந்த வகையானாலும் பனிமூட்ட நாட்களுக்கென்று மின் துணை தேவை. சீகை, கற்பூர மர விறகில் எரியும் பழைய தாமிர பாய்லர் இன்னும் நல்ல நிலையில் இருந்தால் கழற்றி விற்றுவிடாதீர்கள். இரண்டு நாள் மின்சாரம் இல்லாத மழையில் அதன் அருமை தெரியும். அதற்காகவே ஷவர் மூலையில் ஒரு வாளிக்கும் முக்காலிக்கும் இடம் விடச் சொல்கிறோம்.

கீசரிலிருந்து ஷவர் வரை குழாய் எவ்வளவு குறுகியதோ அவ்வளவு நல்லது. முக்கால் அங்குல சிபிவிசி (வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக்) குழாயில் மீட்டருக்குக் கால் லிட்டர் தண்ணீர் நிற்கும். 10 மீட்டர் தூரமானால் ஒவ்வொரு முறையும் இரண்டரை லிட்டர் குளிர்நீர் போன பிறகே சூடு வரும். குன்னூர் போலக் கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ள ஊரில் அதைக் கீழே விட மனம் வராது. டைவர்ட்டருக்கு (தண்ணீரை ஷவருக்கோ வாளிக் குழாய்க்கோ திருப்பும் வால்வு) கீழே, தரையிலிருந்து 60 முதல் 65 செ.மீ. உயரத்தில் வாளிக் குழாய் ஒன்று வைத்தால் முதல் தண்ணீரை அதில் பிடித்துவிட்டு, சூடு வந்ததும் ஷவருக்குத் திருப்பலாம். வெந்நீர்க் குழாய் முழுவதற்கும் 9 அல்லது 13 மி.மீ. தடிமனுள்ள நைட்ரைல் நுரைக் குழல் உறை போடுங்கள். சுவருக்குள் புதைத்துவிட்டால் பின்னால் போட முடியாது.

அழுத்தம்

10 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தண்ணீருக்கு 1 பார் அழுத்தம். தொட்டியின் அடிமட்டம் ஷவரைவிட 3 மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைப்பது 0.3 பார் மட்டுமே. தகரக் கூரை வீட்டில் ஸ்டாண்டு மேல் நிற்கும் தொட்டிக்கு அதுவும் கிடைக்காது. எளிய சோதனை ஒன்று இருக்கிறது. பழைய ஷவரைக் கழற்றிவிட்டு, குழாயை முழுதாகத் திறந்து 10 லிட்டர் வாளியைப் பிடியுங்கள். ஒரு நிமிஷத்துக்கு மேல் எடுத்தால் மழை ஷவரை மறந்துவிடுங்கள். ஓட்டைகளிலிருந்து நூல் நூலாகத்தான் சொட்டும்.

மலைச்சரிவு இங்கே கைகொடுக்கும். வீட்டுக்குப் பின்னால் மேட்டில் உங்கள் இடம் இருந்தால் தொட்டியை அங்கே கெட்டியான தளத்தில் வையுங்கள். ஏறும் ஒவ்வொரு மீட்டரும் செலவில்லாத அழுத்தம். முடியாதபோது பிரஷர் பம்ப். அதை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். பச்சைத் தண்ணீர்க் குழாயில் மட்டும் பம்ப் வைத்தால், வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலக்கும் மிக்ஸர் குழாயைத் திறந்ததும் அழுத்தமான குளிர்நீர் வெந்நீர்க் குழாய்க்குள் புகுந்து கீசரை நோக்கித் தள்ளும்; சூடே வராது. தொட்டியிலிருந்து வரும் பொதுக்குழாயில், கீசருக்குப் பிரியும் இடத்துக்கு முன்னால் பம்ப் இருக்க வேண்டும். கீசருக்கும் பச்சைத் தண்ணீருக்கும் வெவ்வேறு தொட்டி இருந்தாலும் இதே தொல்லைதான். கீசரின் உள்வாயிலில் ஒருவழி வால்வும் அழுத்தம் விடுவிக்கும் வால்வும் கட்டாயம்.

ஓடை, ஊற்றுத் தண்ணீர் பெரும்பாலும் மென்னீர் என்பதால் சமவெளியைப் போல உப்புப் படிந்து ஷவர் அடைபடுவது குறைவு. மழைக்காலத்தில் வரும் மண்ணும் இலைத்துகளும்தான் அடைக்கும். தொட்டிக் குழாயில் ஒய் (Y) வடிவ வடிகட்டி ஒன்றை மாட்டி மாதம் ஒருமுறை கழுவுங்கள். பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் இருந்தால் உள்ளே துருவேறித் துளை குறுகியிருக்கும். அதை விட்டுவிட்டுப் புது ஷவர் மாட்டிப் பயனில்லை.

சிறிய, கதகதப்பான அறை

பழைய பங்களாக் குளியலறையின் கூரை 12 அடிக்கு மேல் நிற்கும். ஆவியும் சூடும் மேலே போய்விட, குளிப்பவர் கீழே நடுங்குவார். அதனால் மலையில் சிறந்த வடிவமைப்பு, பெரிய அறைக்குள் ஒரு சின்ன அறை. குறைந்தது 3 அடிக்கு 3 அடி. வாளியும் வேண்டுமென்றால் 3 அடிக்கு 4 அடி. 8 மி.மீ. டஃபன்டு கண்ணாடித் தடுப்பு, வெளிப்பக்கம் திறக்கும் கதவு. தடுப்புக்குள் மட்டும் ஏழரை அடி உயரத்தில் பிவிசி பலகையால் தாழ்கூரை போடுங்கள். அதை ஒரு பக்கம் ஓர் அங்குலம் சரித்துவிட்டால் ஆவி படிந்து திரளும் துளிகள் தலையில் சொட்டாமல் சுவரோடு வழியும். கதவுக்கு மேல் 4 அங்குல இடைவெளி போதும், ஆவி வெளியேற.

ஷவர் தலை தரையிலிருந்து 6 அடி 8 அங்குலம், டைவர்ட்டர் 1 மீட்டர். டைவர்ட்டரை ஷவருக்கு நேர் கீழே வைக்காமல் கதவுப் பக்கச் சுவரில் வையுங்கள். முதல் குளிர்நீரில் நனையாமல் வெளியிலிருந்தே திறக்க அதுதான் வழி. கூடுதல் செலவும் பெரிதாக இல்லை. முதியோர் இருந்தால் 45 செ.மீ. உயரத்தில் திண்ணை போல ஓர் இருக்கை, பக்கத்தில் கைப்பிடிக் கம்பி. கம்பியைத் திருக வேண்டிய இடத்தில் கெட்டிச் செங்கல் இருக்கிறதா என்பதைப் பூச்சுக்கு முன்பே பார்க்க வேண்டும்.

கல் சுவரிலும் மண் சாந்துச் சுவரிலும் குழாய்க்குக் காடி எடுக்காதீர்கள். கல் நகரும், சாந்து உதிரும். மேலும் வெளிச்சுவருக்குள் போகும் வெந்நீர்க் குழாய் சூட்டை இழந்துகொண்டே வரும். சுவருக்கு முன்னால் 4 அங்குல இலகுக் கல்லால் மார்பளவுக்கோ முழு உயரத்துக்கோ இன்னொரு சுவர் எழுப்பிக் குழாய்களை அதற்குள் விடுங்கள். சோப்பு மாடமும் அதிலேயே அமைந்துவிடும். மாடத்தின் அடித்தட்டு முன்பக்கம் 5 மி.மீ. சரிந்திருக்கட்டும். டைல்ஸும் முன்போல் சில்லென்று இருக்காது. மரப்பலகைத் தரையுள்ள அறையில் நேரடியாக டைல்ஸ் ஒட்டினால் பலகை அசைந்து வெடிக்கும்; அங்கே ஒரே வார்ப்பிலான ஷவர் தட்டுதான் பாதுகாப்பு.

தரையும் கசிவும்

பழைய தரையை உடைத்த பின் வடிகால் பக்கம் மீட்டருக்கு 15 முதல் 20 மி.மீ. வாட்டம் வருமாறு ரசமட்டம் பார்த்துக் கலவை போட வேண்டும். சுவரும் தரையும் சேரும் மூலையைக் கலவையால் வளைவாக இழைத்து, நார்வலை பதித்து, இரண்டு பொருளைக் கலந்து பூசும் வாட்டர்ப்ரூஃப் பூச்சை இரண்டு முறை அடியுங்கள். இரண்டாவது பூச்சு முதலாவதற்குக் குறுக்காக. ஷவர் சுவரில் 7 அடி வரை, மற்ற சுவர்களில் ஓரடி. பாக்கெட்டில் எழுதியிருக்கும் காயும் நேரம் மூடுபனிக்குச் செல்லாது. விரலில் ஒட்டாத நிலை வரும் வரை பொறுங்கள். விசிறி வைத்தால் உதவும். பிறகு வடிகாலை அடைத்து, 2 அங்குலம் தண்ணீர் கட்டி, மட்டத்தைப் பென்சிலால் குறித்து 48 மணி நேரம் விடுங்கள். குளிர்ந்த ஈரக்காற்றில் ஆவியாவது சொற்பம் என்பதால், கோடு கண்ணுக்குத் தெரியும்படி இறங்கியிருந்தால் அது கசிவேதான்.

இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. சரிவை வெட்டிக் கட்டிய வீட்டில், தரைக்கடியில் கசியும் தண்ணீர் கீழே உள்ள தடுப்புச் சுவருக்குப் பின்னால் மண்ணை ஊற வைக்கும். 2009 நவம்பரில் நீலகிரியில் நடந்த மண்சரிவுகளைப் பார்த்தவர்களுக்கு, ஊறிய மண் என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. குளியல் நீர் வெளியேறும் குழாயும் சரிவில் திறந்து விடாமல் கடைசிவரை குழாயாகவே கால்வாயைச் சேர வேண்டும்.

தரைக்கு 2 அங்குல சின்ன டைல்ஸ் அல்லது சொரசொரப்பான மேட் டைல்ஸ். சின்ன டைல்ஸ் வாட்டத்துக்கு வளைந்து கொடுக்கும், இணைப்புகள் அதிகம் என்பதால் கால் வழுக்காது. இணைப்புக்கு எபாக்சி (தண்ணீர் உறிஞ்சாத பிசின் பூச்சு); மூலைகளில் மட்டும் பூஞ்சை பிடிக்காத சிலிக்கான். மூலையில் எபாக்சியோ சிமென்டோ வைத்தால் இரவும் பகலும் மாறும் சூட்டில் விரிசல் விடும், அதில்தான் முதல் கறுப்புப் பூஞ்சை வரும்.

பூஞ்சையைத் தடுப்பது பெரும்பாலும் காற்றுதான். கண்ணாடித் தடுப்புக்கு வெளியே, கூரையை ஒட்டி 6 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன். நின்றதும் தானாக மூடிக்கொள்ளும் ஷட்டர் இருந்தால்தான் பனிமூட்டம் உள்ளே வராது. குளிக்கும்போது ஓட விடாதீர்கள், குளிர்காற்றை இழுக்கும். குளித்து முடித்து 20 நிமிஷம் ஓடட்டும். கதவின் அடியில் 2 செ.மீ. இடைவெளி இல்லையென்றால் ஃபேன் சுற்றும், காற்று நகராது.

மின்சாரத்தில் சமரசம் வேண்டாம். 2 கிலோவாட் கீசருக்கு 2.5 சதுர மி.மீ., 3 கிலோவாட்டுக்கு 4 சதுர மி.மீ. தாமிரக் கம்பி, தனி லைன். சுவிட்ச் குளியலறைக்கு வெளியே. மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. பாறை நிலத்தில் எர்த் குழி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் அளந்து காட்டச் சொல்லுங்கள்.

வேலைக்கு ஏற்ற காலம் பிப்ரவரியும் மார்ச்சும். உறைபனி பெரும்பாலும் விலகியிருக்கும், சீசன் கூட்டம் தொடங்கியிருக்காது. அதற்கப்புறம் ஊட்டி, கூடலூர் பக்கம் ஜூனில் மழை பிடிக்கும். குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கனமழை. குளிரில் சிமென்ட், டைல் பசை, எபாக்சி எல்லாமே மெதுவாகத்தான் இறுகும், சிபிவிசி ஒட்டுப் பசையும் அப்படித்தான். ஒட்டிய இரவு முழுக்கக் குழாயில் தண்ணீர் விடாதீர்கள். மேட்டுப்பாளையத்திலிருந்தோ வத்தலக்குண்டிலிருந்தோ டைல்ஸ் ஏற்றும்போது 10 சதவீதம் கூடுதலாக, பெட்டிகளில் ஒரே ஷேடு எண் இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். உடைந்த நாலு டைல்ஸுக்காக மறுபடி மலையிறங்கினால் அதே ஷேடு கிடைக்கும் என்று சொல்ல முடியாது. எபாக்சி பூசி முடிந்ததிலிருந்து ஒரு வாரம் கழித்து முதல் குளியல்.