எலக்ட்ரிக் ஸ்மோக்கரில் விடியவிடியப் புகை நிற்க: எந்த மரம், எப்படி நிரப்புவது

போன வாரம் எட்டு பவுண்டு பன்றித் தோள்கறியை (இங்கே அமெரிக்கக் கடைகளில் போர்க் பட் என்று கேட்டு வாங்க வேண்டும்) எலக்ட்ரிக் ஸ்மோக்கரில் (மின்சாரச் சூட்டில், மரப்புகையோடு கறியை மெதுவாக வேகவைக்கும் பெட்டி) 225 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வைத்தேன், பத்து மணி நேரம் புகை அணையவே இல்லை. அதற்கு முன் மூன்று தடவை நடுராத்திரியில் புகை நின்றுபோய், காலையில் ஓவனில் வெந்த கறி மாதிரிதான் கிடைத்தது.

முதல் காரணம் காயில், அதாவது மின்சாரத்தில் சூடேறும் கம்பிச்சுருள். பெட்டியைச் சூடாக்குவதும் அதுதான், மரச்சில்லைப் புகைய வைப்பதும் அதுதான். சூடு 225ஐத் தொட்டதும் தெர்மோஸ்டாட் காயிலை அணைத்துவிடும், சில்லும் கூடவே ஆறிவிடும். திரும்பக் காயில் பழுத்தால் சில்லெல்லாம் ஒரே மூச்சில் கருகி, கெட்டியான வெள்ளைப் புகையைத் தள்ளும். அதனால் சூட்டைக் காயிலிடம் விட்டுவிட்டு, புகைக்குத் தனியாகக் கங்கு வையுங்கள்.

முதலில் மரம். பன்றிக்கு ஆப்பிள் அல்லது செர்ரி, கொஞ்சம் ஹிக்கரி கலக்கலாம். மாட்டு பிரிஸ்கெட்டுக்கு (நெஞ்சுக்கறி) ஓக். டெக்சாஸின் நடுப்பகுதியில் காலங்காலமாகப் போஸ்ட் ஓக் என்ற ஓக் வகைதான். மெஸ்கீட் சீக்கிரம் முடியும் கிரில்லுக்கு அருமை, பத்து மணி நேரத்துக்கு வேண்டாம், காட்டம் ஏறிக் கசந்துவிடும். பைன் போன்ற பிசின் மரம், பெயின்ட் அடித்த பலகை, மருந்து ஏற்றிய கட்டை எதையும் கிட்டவே சேர்க்காதீர்கள். சில்லை ஊற வைக்கவும் வேண்டாம். தண்ணீர் மேல்தோலைத் தாண்டிப் பெரிதாக உள்ளே இறங்காது, முதலில் வருவது வெறும் நீராவி.

தனிக் கங்குக்குச் சமையலுக்கென்றே விற்கும் கடினமரப் பெல்லட் (மரத்தூளை அழுத்திச் செய்த சின்னக் குச்சித் துண்டுகள்) வாங்குங்கள், வீடு சூடாக்க விற்பது ஆகாது. அதை நிரப்பக் குழாயும் உண்டு, வளைந்து வளைந்து பாதை போட்ட கம்பிவலைத் தட்டும் உண்டு. என் ஓட்டு தட்டுக்குத்தான். பன்னிரண்டு அங்குலக் குழாய் நாலைந்து மணி நேரத்தில் தீர்ந்துவிடும்; தட்டில் ஒரு முனையில் பற்ற வைத்தால் கங்கு மெதுவாக நகர்ந்து ராத்திரியைக் கடத்திவிடும். பாதைச் சுவரை விடக் கொஞ்சம் தாழ்வாக நிரப்புங்கள், வழிந்தால் நெருப்பு அடுத்த வரிசைக்குத் தாவும்.

பெல்லட்டை விரலால் ஒடித்துப் பாருங்கள், டக்கென்று முறிய வேண்டும். நமுத்திருந்தால் கங்கு பாதியில் செத்துவிடும். முனையில் கேஸ் டார்ச்சால் கொளுத்தி, பத்து நிமிடம் நன்றாக எரியவிட்டு, அப்புறம் ஊதி அணையுங்கள். வரிசையின் அகலம் முழுக்கச் சிவந்த கங்கு தெரிந்தால்தான் உள்ளே வைக்க வேண்டும்.

நான் மாட்டிக்கொண்டது இதற்கு அடுத்த இடத்தில். புகை வெளியே போய்விடக் கூடாது என்று மேல் துவாரத்தைப் பாதி மூடி வைத்திருந்தேன். காயில் மேல் உள்ள சில்லுக்குக் காற்று அவ்வளவாக வேண்டாம், அடியில் இருக்கும் சூடே அதைப் புகைய வைக்கும். ஆனால் தன் சூட்டில் தானே கனலும் பெல்லட்டுக்குக் காற்று கட்டாயம் வேண்டும், இதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று கறித்துண்டுகள் செலவாகின. கங்கு மூச்சுமுட்டி அணைந்தது மட்டுமில்லை, அணைவதற்கு முன் விட்ட தேங்கிய புகை கறியில் கரிப்பிசினாகப் படிந்து நாக்கில் கசந்தது. இப்போது மேல் துவாரத்தை முழுக்கத் திறந்து, பக்கவாட்டில் சில்லு போடும் குழலை இரண்டு அங்குலம் வெளியே இழுத்து விடுகிறேன். தண்ணீர்த் தட்டில் தண்ணீர் ஊற்றுவதில்லை, ஆவி பெல்லட்டை ஈரமாக்கும். பெல்லட் தட்டு காயிலுக்கு நேர் மேலே இருக்கக் கூடாது, எதிர்ப்பக்கம் தள்ளி வையுங்கள். மேலே மெல்லிய நீலப் புகை வந்தால் சரி. வெள்ளையாகக் குபுகுபுவென்று வந்தால் காற்று போதவில்லை.

கறியைக் குளிர்ச்சியோடே உள்ளே வையுங்கள், ஈரமும் குளிர்ச்சியும் உள்ள மேற்பரப்பில்தான் புகை நன்றாக ஒட்டும். ஸ்மோக்கரைத் திறந்த வெளியில் மட்டும் வையுங்கள். கராஜில் வைத்தால் கார்பன் மோனாக்சைடு சேர்ந்து உயிருக்கே ஆபத்து.

பின்சேர்க்கை: பெல்லட் மேல் கொழுப்பு சொட்டித் தீப்பிடித்தது என்று பின்னூட்டத்தில் ஒருவர் எழுதியிருந்தார். தட்டுக்கு மேலே, தொடாத உயரத்தில், அலுமினியத் தாளைக் கூரை மாதிரி மடித்து வைத்தால் போதும். இன்னும் நிம்மதியாக இருக்க வேண்டுமென்றால், தகரத் தபால்பெட்டி ஒன்றை வாங்கி அதற்குள் தட்டை வைத்து, அலுமினியக் குழாயால் ஸ்மோக்கரின் சில்லுத் துளையோடு இணைத்துவிடலாம். பெட்டியின் அடிப்பக்கம் காற்றுக்கு இரண்டு மூன்று துளை போட மறக்காதீர்கள்.