பிரேக் ஆயில் ஆயிலே இல்லை

அக்கா மகன் போன வாரம் முதல்முறையாகத் தன் காருக்குத் தானே பிரேக் ஆயில் மாற்ற உட்கார்ந்தான். நான் பக்கத்தில் நிற்கலாம், கை வைக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டான். பத்து நிமிடம் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். பிரேக் திரவம் நிற்கும் சின்னத் தொட்டியான ரிசர்வாயரில் இருப்பதை உறிஞ்சி எடுக்க அலமாரியிலிருந்து ஒரு பெரிய சிரிஞ்சை எடுத்தான் பாருங்கள், அதோடு என் பொறுமை போச்சு.

"டேய், அது எதுக்கு வெச்சிருந்த சிரிஞ்சு?"

"கியர் ஆயில் ஊத்துனது மாமா. நல்லா தொடச்சிட்டேன்."

இதே பதிலை ஒரு காலத்தில் நானும் எனக்கு நானே சொல்லிக்கொண்டவன்.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதே, பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவு என்பதையெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அவற்றை விடுகிறேன். அதிகம் பேசப்படாத தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

எண்ணெய் பட்ட சாமான்

பேச்சில் பிரேக் ஆயில் என்று சொல்லிச் சொல்லியே நமக்கு அது ஆயில் ஆகிவிட்டது. டப்பாவில் அப்படி இருக்காது, பிரேக் ஃப்ளூயிட் என்றுதான் இருக்கும். டாட் என்பது அதன் தரக் குறியீடு. டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைக்கால் வகையைச் சேர்ந்தவை. தண்ணீரோடு கலக்கும், எண்ணெயோடு சேராது. பிரேக்கின் உள்ளே கசிவைத் தடுக்கும் சீல்கள் பெரும்பாலும் இபிடிஎம் என்ற ரப்பர். இந்தத் திரவத்தில் வருடக்கணக்கில் ஊறிக் கிடந்தாலும் அந்த ரப்பருக்கு ஒன்றும் ஆகாது. எஞ்சின் ஆயில், கியர் ஆயில், மண்ணெண்ணெய், பெட்ரோல், சாதாரண கிரீஸ் இவற்றில் எது பட்டாலும் உப்பிக்கொண்டு கொழகொழத்துப் போய்விடும்.

நான் செய்தது இதுதான். கியர்பாக்ஸுக்கு ஆயில் ஊற்றிய சிரிஞ்சைத் துணியால் துடைத்தேன். வெளியே பளபளவென்று இருந்தது. முனையில் மாட்டியிருந்த ரப்பர் குழாய்க்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. பழையதை அதாலேயே உறிஞ்சினேன். அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. ரிசர்வாயரின் வாய் இடுக்கில் இருந்ததால் புதியதையும் அதே சிரிஞ்சால் உள்ளே விட்டேன். நான்கு சக்கரத்திலும் ஏர் எடுத்து, அதாவது பெடலை மிதித்து பழைய திரவத்தையும் காற்றையும் வெளியேற்றி முடித்தபோது பெடல் கல்லு மாதிரி நின்றது. பெருமையாகத்தான் இருந்தது.

சில வாரம் கழித்து வண்டி இழுவை குறைந்தது. முன்சக்கரம் இரண்டும் கை வைக்க முடியாத சூடு. பேடை டிஸ்கில் அழுத்தும் காலிப்பர் நகர உதவும் ஊசிகள் இறுகிவிட்டன என்று நினைத்து அவற்றைக் கழற்றி, சுத்தம் செய்து, கிரீஸ் வைத்து மாட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீண். மறுபடி ஜாக்கியில் ஏற்றிச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தால் அசையவில்லை. கடைசியில் திரவத்தை வெளியே விடும் திருகான ப்ளீடிங் நிப்பிளைக் கால் சுற்று தளர்த்தினேன். திரவம் சர்ரென்று பீய்ச்சியது, அடுத்த நொடி சக்கரம் லேசாகச் சுற்றியது. கோளாறு காலிப்பரில் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பெடலை மிதிக்கும்போது அழுத்தம் உண்டாக்குவது மாஸ்டர் சிலிண்டர். அதற்குள் ஊசித்துளை போல ஒரு சின்ன வழி உண்டு. பெடலை விட்டதும் மிச்ச அழுத்தம் அதன் வழியாக ரிசர்வாயருக்குத் திரும்பும். உள்ளே இருக்கும் கிண்ண வடிவ ரப்பரான கப் சீல் உப்பினால் அந்தத் துளையை அடைத்துக்கொள்ளும். காலை எடுத்த பிறகும் பிரேக் பாதி பிடித்தபடியே நிற்கும். அந்த உரசலில் சூடேறி திரவம் விரியும், விரிந்தால் இன்னும் இறுகும்.

ரிசர்வாயர் மூடியைத் திறந்தபோது சாட்சி அங்கேயே இருந்தது. மூடிக்கு அடியில் இருக்கும் கறுப்பு ரப்பர் அலை அலையாக நெளிந்து, வட்டத்துக்குள் அடங்காமல் பிதுங்கி நின்றது. மூன்று முறை அமுக்கிப் பார்த்தேன். மூடிக்குள் உட்காரவே இல்லை.

மாஸ்டர் சிலிண்டர், காலிப்பர் சீல்கள், பின்னால் வீல் சிலிண்டர்கள், ரப்பர் ஹோஸ் எல்லாமே மாறியது. இரும்புக் குழாய்களை மட்டும்தான் கழுவி வைத்துக்கொள்ள முடிந்தது. ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) இல்லாத பழைய வண்டி, தப்பித்தேன். ஏபிஎஸ் இருந்தால் அதன் ஹைட்ராலிக் யூனிட்டுக்குள்ளும் ரப்பர் உண்டு. கணக்கு அங்கேதான் எகிறும். இத்தனைக்கும் காரணம் குழாய்க்குள் நின்ற ஒரு ஸ்பூன் கியர் ஆயில். இன்று நினைத்தாலும் எரிச்சலாக வருகிறது.

அதனால் பிரேக்குக்கென்று ஒரு சிரிஞ்ச், ஒரு புனல், ஒரு துணி. வேறு எதற்கும் அவற்றைத் தொடக் கூடாது. ரிசர்வாயரைப் பெட்ரோலில் கழுவுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், அதுவும் இதே கதைதான். கழுவித்தான் ஆக வேண்டும் என்றால் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் போதும், காய்ந்த பிறகு மாட்டுங்கள். சைக்கிள் டிஸ்க் பிரேக் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை: ஷிமானோ பிரேக்குகளுக்கு ஊற்றுவது மினரல் ஆயில், அது நிஜமாகவே எண்ணெய். அந்தப் பாட்டிலை கார் சாமானோடு சேர்த்து வைக்காதீர்கள்.

தவறாக ஊற்றிவிட்டது உடனே தெரிந்தால் பெடலைத் தொடாதீர்கள். ஒரு மிதி மிதித்தாலும் ரிசர்வாயரில் இருப்பது கீழே இறங்கத் தொடங்கிவிடும். மிதிக்காதவரை ரிசர்வாயரைக் கழற்றிச் சுத்தம் செய்து தப்பிக்க வழி உண்டு.

சந்தேகம் இருந்தால் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து நாலு சொட்டு விட்டுப் பாருங்கள். பிரேக் திரவம் கரைந்துவிடும், எண்ணெய் மிதக்கும். அக்கா மகனை அவன் "நல்லா தொடச்ச" சிரிஞ்சால் டம்ளர் தண்ணீரை உறிஞ்சித் திரும்ப விடச் சொன்னேன். மேலே வானவில் படர்ந்தது. பேசாமல் போய்ப் புது சிரிஞ்ச் வாங்கி வந்தான்.

ரிசர்வாயரை வற்றவிடுவது

நிப்பிளையே பார்த்துக்கொண்டிருந்தால் மேலே வற்றுவது தெரியாது. பல மேனுவல் கார்களில் கிளட்சும் இதே ரிசர்வாயரில்தான் குடிக்கிறது. அதன் குழாய் மேல்மட்டத்தில் இருக்கும் என்பதால் முதலில் காற்று ஏறுவது கிளட்சுக்கு. பிரேக் நன்றாக இருக்கிறதே, கியர் ஏன் விழவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். இன்னும் வற்றி, ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று போய்விட்டால் வெறும் பெடல் மிதியில் வெளியே வராமல் போகலாம். ஸ்கேனர் மாட்டி உள்ளே இருக்கும் பம்பையும் வால்வுகளையும் ஓட்டி எடுக்க வேண்டிவரும். ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை எழுந்து போய்ப் பாருங்கள், முழங்கால் வலித்தாலும்.

பெடலைத் தரைவரை அமுக்குவது

தினசரி ஓட்டத்தில் பெடல் பாதி தூரம்கூடப் போவதில்லை. மாஸ்டர் சிலிண்டரின் மீதிப் பகுதியில் வருடக்கணக்காக அழுக்கும் துருவும் சேர்ந்திருக்கும். ஏர் எடுக்கும்போது மட்டும் அடிவரை மிதித்தால் கப் சீல் அந்தச் சொரசொரப்பில் உரசிக் கிழியும். பிறகு சிக்னலில் நிற்கும்போது பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கும். பழைய வண்டியானால் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டு மிதிக்கச் சொல்லுங்கள்.

நிறத்தைப் பார்த்துத் தீர்மானிப்பது

தெளிவாக இருப்பதிலும் காற்றிலிருந்து இழுத்த தண்ணீர் இருக்கலாம். புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் 155 டிகிரிவரை தாங்கினாலே தேர்ச்சி. நீண்ட மலை இறக்கத்தில் பெடல் பஞ்சாகிப்போவது இந்த இடைவெளியில்தான். இரண்டு வருடம் என்பது பொதுவான கணக்கு, உங்கள் வண்டியின் புத்தகம் வேறு சொன்னால் அதையே கேளுங்கள்.

டாட் 5

5.1 இல்லை, வெறும் 5. அது சிலிக்கான். மற்றதோடு கலக்காதீர்கள்.

போன வருடம் திறந்த டப்பா

வேண்டாம்.

எண்ட் ஸ்பேனர்

வாய் திறந்த இந்த ஸ்பேனரால் திருகினால் நிப்பிளின் தலை உருண்டையாகிவிடும். முதலில் ரிங் ஸ்பேனரை மாட்டுங்கள், அதற்கு மேல் குழாயைச் செருகுங்கள். வரிசை மாறினால் எல்லாவற்றையும் பிடுங்கி மறுபடி மாட்ட வேண்டும்.

நகர்த்துவதற்கு முன்

எஞ்சினைப் போட்டு, நின்ற இடத்திலேயே பெடல் கெட்டியாகும்வரை மிதியுங்கள். காலிப்பரில் கை வைத்திருந்தால் பேட் டிஸ்கை விட்டுத் தள்ளி உட்கார்ந்திருக்கும், முதல் மிதி காற்றில் போகும். பிறகு காலை அழுத்தியபடி முப்பது எண்ணுங்கள். பெடல் இறங்கினால் சாவியை எடுத்துவிட்டு மறுபடி வண்டிக்கு அடியில் போக வேண்டியதுதான். அக்கா மகன் பதினெட்டு எண்ணும்போதே இறங்கியது. பின்னால் இடது நிப்பிளை இறுக்க மறந்திருந்தான்.