பாலாற்று மடுவில் தூண்டில்: மார்கழி முதல் மாசி வரை

பாலாற்றில் எப்போதும் தண்ணீர் ஓடாது என்று வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த வருஷத்தில் மார்கழி, தை தாண்டியும் மடுக்களில் தெளிந்த தண்ணீர் நிற்கும், நமக்கு அது போதும்.

மார்கழியில் விடியற்காலையிலேயே போய் நடுங்காதீர்கள். தண்ணீர் சில்லென்று இருக்கும்போது மீனுக்குப் பசி மந்தம். வெயில் ஏறின பிறகுதான் கரையோர ஆழமில்லாத இடத்துக்கு ஜிலேபி மீன் வரும். மாசியில் வெயில் சூடு பிடித்தால் அப்படியே தலைகீழ், காலையும் சாயங்காலமும்தான்.

மண்புழுவே போதும். இறகு ஈ, அதாவது மீனை ஏமாற்ற இறகால் செய்கிற போலிப் பூச்சி, கட்டிப் பார்க்க ஆசை என்றால் சின்னத் தூண்டில் முள்ளின் தண்டில் கறுப்பு நூலை நெருக்கமாகச் சுற்றி, சேவலின் கழுத்து இறகு ஒன்றை அடிப்பக்கமாகக் கட்டி, இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுங்கள், இழைகள் சிலிர்த்து நிற்க வேண்டும். ஈயக்குண்டு வேண்டாம். நீள மூங்கில் கழி, ஏறக்குறைய அதே நீளத்துக்கு மெல்லிய தூண்டில் நரம்பு. ஈ தொப்பென்று விழுந்தால் மீன் மிரளும், கொஞ்சம் தள்ளிப் போய்ப் போடுங்கள். உங்கள் நிழலும் தண்ணீரில் விழக்கூடாது.

செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்தால் கீழே விரால் காவல் இருக்கும், சரி, அதை விட்டுவிடுங்கள்.

மணல் அள்ளின பள்ளம் மேலே தெரியாது, கழியால் குத்திப் பார்க்காமல் இறங்காதீர்கள். அப்புறம் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் ஆலைக் கழிவு கலக்கிற இடத்து மீன் குழம்புக்கு வேண்டவே வேண்டாம்.