கிளாஸை மாற்றப்போகிறார்கள் என்றதும் நாம் கேட்கிற தப்பான வரங்கள்

பகடை உருட்டிக் கதை ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் ஏதாவது ஒரு கிளாஸை, அதாவது ஆடுபவர் தேர்ந்தெடுக்கிற பாத்திர வகையை, திருத்தி எழுதப்போகிறார்கள் என்று செய்தி வந்தால் போதும், ஆளாளுக்கு ஒரு பட்டியலோடு கிளம்பிவிடுகிறோம். ரேஞ்சருக்கு இது வேண்டும், மாங்க்குக்கு அது வேண்டும், வார்லாக்கைத் தொட்டால் தெரியும் சேதி. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின் கிளாஸ்களை 2022 ஆகஸ்டிலிருந்து பகுதி பகுதியாக வெளியிட்டு, எல்லோரிடமும் கருத்துக் கேட்டு, கடைசியில் 2024-இல் புதிய பிளேயர்ஸ் ஹேண்ட்புக் என்ற விதிப் புத்தகமாகக் கொண்டுவந்தார்கள். நாம் கேட்டது என்ன, கிடைத்தது என்ன, கிடைத்த பிறகு திட்டியது என்ன என்று அந்தக் காலத்தைத் திரும்பிப் பார்த்தால், பெரும்பாலும் எங்கே வலிக்கிறது என்று சொல்லாமலே மருந்து கேட்டிருக்கிறோம். அடுத்த திருத்தத்துக்கு ஆசைப்படுகிறவர்களுக்கும், வீட்டிலேயே கிளாஸை மாற்றிப் பார்க்கிற டிஎம்களுக்கும் (ஆட்டத்தில் கதையை நடத்துபவர்கள்) சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் காட்டுவழி அறிந்த வீரரான ரேஞ்சர், ஏனென்றால் அதிகம் புலம்பல் கேட்டது அதற்குத்தான். 2014 ரேஞ்சரிடம் நேச்சுரல் எக்ஸ்புளோரர் என்று ஒன்று இருந்தது. தனக்குப் பழக்கமான நிலப்பரப்பில் பயணம் செய்தால் குழு வழி தவறாது (மாயம் ஏதாவது குழப்பினால் தவிர), கரடுமுரடான நிலம் பயணத்தைத் தாமதப்படுத்தாது, உணவு தேடினால் இரண்டு மடங்கு கிடைக்கும். படிக்க அருமையாக இருக்கிறது. டேபிளில் என்ன நடக்கும்? டிஎம் "மூன்று நாள் காட்டுவழிப் பயணம்" என்பார், ரேஞ்சர் "காடு எனக்குப் பழக்கம்" என்பார், "அப்படியா, சரி, போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்" என்று கதை நகர்ந்துவிடும். காட்டில் தடம் பார்த்து, மழைக்கு ஒதுங்கி, குழுவை வழிநடத்திக் கொண்டுபோக வேண்டும் என்று ஆசைப்பட்டு ரேஞ்சர் எடுத்தவருக்கு அந்தக் காட்சியே கிடைப்பதில்லை. பாலைவனத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு கதை முழுக்க நகரத்தில் நடந்தாலோ, அந்த வரியைத் தாளில் எழுதியதே வீண்.

இது ரேஞ்சரின் குறை மாதிரித் தெரிகிறது, ஆனால் முழுக்க அப்படி இல்லை. பயணம் என்பதற்கே இந்த விளையாட்டில் விதிகள் மெலிந்துதான் இருக்கின்றன. சண்டைக்கு ஆக்ஷன், போனஸ் ஆக்ஷன் (ஒரு முறைக்கு ஒன்று மட்டும் செய்யக்கூடிய கூடுதல் செயல்), ரியாக்ஷன் என்று பக்கம் பக்கமாக இருக்க, காட்டைக் கடப்பதற்கு ஓரிரண்டு பகடை உருட்டல். பயணத்தில் முடிவெடுக்க எதுவுமே இல்லாத ஆட்டத்தில், பயணத்தில் கெட்டிக்காரனான ஒரு கிளாஸை எவ்வளவு திருத்தி எழுதினாலும் அவன் எதில் கெட்டிக்காரத்தனம் காட்டுவான்? அதனால்தான் 2024-இல் அந்த இடத்தில் ஒரு திறமைக்கு எக்ஸ்பர்ட்டீஸ் என்ற கூடுதல் தேர்ச்சி, கூடவே இரண்டு மொழி என்று கொடுத்து ஒதுங்கிக்கொண்டார்கள். கிளாஸிடம் கேட்கக் கூடாததைக் கிளாஸிடம் கேட்டால் இப்படித்தான் கிடைக்கும்.

ஓய்வு விஷயமும் இதே கதைதான். மந்திரக்காரரான வார்லாக்குக்கு இரண்டாம் லெவலிலிருந்து பத்தாம் லெவல் வரை இரண்டே ஸ்பெல் ஸ்லாட் (மந்திரம் போடும் வாய்ப்பு), ஒவ்வொரு ஷார்ட் ரெஸ்ட்டுக்கும், அதாவது குறுகிய ஓய்வுக்கும், அவை திரும்ப வரும். 2014 டிஎம் புத்தகம் ஒரு நாளைக்கு ஆறிலிருந்து எட்டு மோதல்கள் இருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தது. எந்த டேபிளில் அப்படி நடக்கிறது? ஒரு பெரிய சண்டை, அப்புறம் தூக்கம், அவ்வளவுதான். அங்கே வார்லாக் ஏழை, தன் ஸ்லாட் எல்லாவற்றையும் ஒரே சண்டையில் கொட்டித் தீர்க்கிற புனித வீரரான பேலடின் ராஜா. உடனே "வார்லாக்குக்கு ஸ்லாட் போதாது" என்று எல்லோரும் சொன்னோம். 2023 சோதனை வடிவத்தில் பேக்ட் மேஜிக் என்ற இந்த ஷார்ட் ரெஸ்ட் முறையையே எடுத்துவிட்டு, பேலடின், ரேஞ்சர் போல மற்றவர்களின் ஸ்லாட் முறையை வார்லாக்குக்குப் போட்டார்கள். ஸ்லாட் எண்ணிக்கை கூடியது, வார்லாக் காணாமல் போனார். எதிர்ப்பு வந்து பழைய முறைக்கே திரும்பினார்கள். இறுதியாக வந்தது ஒரு சின்னத் திருத்தம்தான்: மேஜிக்கல் கன்னிங் என்று ஒரு நிமிடச் சடங்கு, நீண்ட ஓய்வுக்கு ஒருமுறை, பாதி ஸ்லாட் திரும்ப வரும். என் கணக்கில் மொத்தத் திருத்தத்திலும் புத்திசாலித்தனமான ஒரு வரி அது.

அடுத்த தவறு, எண்ணைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று நம்புவது. மறுபடி ரேஞ்சருக்கு வருவோம், பாவம். 2024-இல் ஹன்டர்ஸ் மார்க்கை, அதாவது குறிவைத்த எதிரி மேல் கூடுதல் பகடை அடி தரும் ஸ்பெல்லை, அதன் முதுகெலும்பாக்கினார்கள். முதல் லெவலிலேயே ஸ்லாட் செலவில்லாமல் இரண்டு முறை போடலாம். 13-ஆம் லெவலில், அடி வாங்கினாலும் அந்த ஸ்பெல்லின் கான்சன்ட்ரேஷன் (ஒரு நேரத்தில் ஒரு ஸ்பெல்லை மட்டுமே பிடித்துவைக்கும் கவனம்) உடையாது. 17-இல் குறிவைத்தவன் மேல் அட்வான்டேஜ் (இரண்டு பகடை உருட்டி நல்லதை எடுப்பது). 20-இல் ஆறு பக்கப் பகடை பத்து பக்கப் பகடையாகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஆறு பக்கப் பகடையின் சராசரி 3.5, பத்து பக்கத்துக்கு 5.5, ஆக ஒரு அடிக்கு 2 புள்ளி கூடுதல். இருபது லெவல் ஏறி வந்தவருக்கு இதுவா பரிசு? அதே லெவலில் ஃபைட்டருக்கு நான்காவது அடி வருகிறது. ஆனால் எனக்கு அந்த 2 புள்ளியைவிடப் பெரிய குறை, ஹன்டர்ஸ் மார்க் கான்சன்ட்ரேஷன் கேட்கிறது, ரேஞ்சரின் நல்ல ஸ்பெல்கள் பலவும் அதையே கேட்கின்றன. ஒன்றைப் போட்டால் மற்றதை விட வேண்டும். லெவல் ஏற ஏற ஒரே பொத்தானை இன்னும் அழுத்தமாக அழுத்தச் சொல்கிறது இந்த வடிவம்.

கைச்சண்டைக்காரரான மாங்க்கில் இதற்கு நேர் எதிராகச் செய்தார்கள். பழைய மாங்க் ஓடவும் விலகவும் தற்காக்கவும் கூடுதலாக இரண்டு அடி அடிக்கவும் கீ என்ற ஒரே சக்திப் புள்ளிகளைத்தான் எடுக்க வேண்டும், இரண்டாம் லெவலில் இருப்பதோ இரண்டே புள்ளி. இரண்டு முறை ஏதாவது செய்தால் முடிந்தது, பிறகு வெறும் கைக்குத்து. புதியதில் போனஸ் ஆக்ஷனில் ஓடுவதும் விலகுவதும் இலவசம், புள்ளி செலவழித்தால் அதோடு இன்னொன்றும் சேரும். அடியின் பகடையும் நாலு பக்கத்திலிருந்து ஆறு பக்கம் ஆனது, அது நல்லதுதான், ஆனால் மாங்க் ஆடுபவர் முகம் மலர்ந்தது ஒவ்வொரு முறையும் செய்வதற்கு ஏதோ ஒன்று கையில் இருப்பதால். எனவே ஆசைப்பட்டியல் எழுதும்போது "எவ்வளவு டேமேஜ்" என்ற வரியை அடித்துவிட்டு, என் முறை வரும்போது நான் எதற்கும் எதற்கும் நடுவில் தேர்ந்தெடுக்கப்போகிறேன் என்று எழுதிப் பாருங்கள். பாதி பட்டியல் தானாகக் கழன்றுவிடும்.

பேலடின் ஆட்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள், தெரியும். முன்பு ஐந்தாம் லெவலில் இரண்டு அடியும் விழுந்தால் இரண்டிலும் ஸ்மைட் (ஸ்லாட் செலவழித்து வாளடியோடு சேர்க்கிற கூடுதல் அடி) போடலாம். இப்போது அது ஒரு ஸ்பெல், போனஸ் ஆக்ஷன், ஆகவே ஒரு முறைக்கு ஒன்றுதான். ஒன்றாகக் குறைத்தது சரி என்பேன். ஸ்பெல்லாக்கியதில்தான் எனக்கும் வருத்தம், ஸ்பெல்லை முறிக்கும் கவுன்டர்ஸ்பெல்லை எதிரி போட்டு உங்கள் வாளின் வெளிச்சத்தை அணைக்கலாம், பார்பேரியன் கிளாஸையும் சேர்த்து எடுத்தவர் ரேஜில் (சண்டை வெறியில்) இருக்கும்போது ஸ்மைட்டே போட முடியாது. இங்கே "நெர்ஃப் செய்துவிட்டார்கள்" (பலத்தைக் குறைத்துவிட்டார்கள்) என்று ஒரே வார்த்தையில் கத்தினால், நியாயமான இரண்டாவது புகாரும் முதலாவதோடு சேர்ந்து காற்றில் போய்விடும்.

அப்புறம், நம் நாற்காலியிலிருந்து மட்டும் பார்ப்பது. 2014 மூன் ட்ரூயிட், அதாவது விலங்காக மாறும் ட்ரூயிட்டில் அந்த வித்தையில் கைதேர்ந்த பிரிவு, இரண்டாம் லெவலிலேயே பழுப்புக் கரடியாக மாறி 34 உயிர்ப்புள்ளியோடு நிற்பார். அது தீர்ந்தால் இன்னொரு முறை கரடி, ஷார்ட் ரெஸ்ட் எடுத்தால் மறுபடி இரண்டு முறை. பக்கத்தில் ஃபைட்டர் சுமார் இருபது புள்ளியோடு முன்வரிசையைக் காத்துக்கொண்டிருப்பார், யாருக்காக என்று அவருக்கே சந்தேகம் வந்துவிடும். "என் கரடியைத் தொடாதே" என்பது ட்ரூயிட்டின் ஆசை, அதற்கான விலை ஃபைட்டர் கணக்கில். விலங்குகளுக்குப் பதில் பொதுவான ஒரு அச்சைக் கொடுத்த 2023 சோதனை வடிவம் உப்புச்சப்பில்லாமல் இருந்தது, அதை நிராகரித்தது சரிதான். கடைசியில் விலங்குகள் திரும்ப வந்தன, ஆனால் விலங்கின் உயிர்ப்புள்ளி வரவில்லை. ட்ரூயிட் லெவலுக்குச் சமமான தற்காலிகப் புள்ளி, மூன் என்றால் மூன்று மடங்கு. ஃபைட்டர் மூச்சு விட்டார்.

ஆடாமல் படித்துவிட்டே தீர்ப்பு எழுதுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, எல்லோரும் செய்கிறோம். ஆனால் இந்தக் கருத்துக்கணிப்புகளில் ஒரு அம்சம் தேறுவதற்கு 70 சதவீதத் திருப்தி தேவை என்று வடிவமைப்பாளர்களே சொன்னார்கள், ஆகவே கோபத்தில் அழுத்துகிற "மிக மோசம்" ஒரு நல்ல யோசனையைப் பாதி வழியில் கொன்றுவிடும். கருத்துப் பெட்டி இருந்தால் "ஐந்தாம் லெவலில் ஆடினோம், முதல் முறையிலேயே போனஸ் ஆக்ஷன் மார்க்குக்குப் போய்விட்டது, இரண்டு கத்தி எடுத்தவருக்கு அது இடித்தது" என்கிற அளவில் எழுதுங்கள். வீட்டில் திருத்துகிறவர்கள் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ரேஞ்சருக்கு ஹன்டர்ஸ் மார்க்கின் கான்சன்ட்ரேஷனை எடுத்துவிட்டுப் பார்க்க வேண்டுமானால் அதை மட்டும் எடுங்கள், பகடையைப் பெரிதாக்கும் வேலையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். ஒன்றிரண்டு லெவலை மட்டும் ரேஞ்சரில் எடுத்துவிட்டு வேறு கிளாஸுக்குத் தாவுகிறவர் உங்கள் டேபிளில் இருந்தால், அந்தச் சலுகையை முதல் லெவலில் கொடுக்காமல் ஐந்துக்கு மேல் தள்ளிவையுங்கள்.