ஹார்மோன் சீட்டை நம்பி மாட்டைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்

சினை ஊசி போட்டுப் பத்தே நாளில் பசுவின் ரத்தத்தை ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். சீட்டில், சினையைத் தாங்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரான் ஒரு மில்லிலிட்டருக்கு 5 நானோகிராம் என்று வருகிறது. சினை பிடித்துவிட்டது என்று வீட்டில் ஒரே சந்தோஷம். ஆனால் பத்தாம் நாளில் சினை நிற்காத பசுவுக்கும் அதே 5 வரும்.

முட்டை வெளியேறிய இடத்தில் உருவாகும் மஞ்சள் உடலம்தான் இந்த ஹார்மோனைச் சுரக்கிறது. கரு இருக்கிறதா இல்லையா என்று அதற்கு முதல் இரண்டு வாரம் தெரியவே தெரியாது. 16, 17-ஆம் நாள் வாக்கில் கருவிடமிருந்து சமிக்ஞை வந்தால் அது நிலைக்கும், வராவிட்டால் கரைந்துபோகும். பசு 21-ஆம் நாள் திரும்பப் பருவத்துக்கு வரும்போது அளவு 1-க்கும் கீழே கிடக்கும். எனவே 21 முதல் 24-ஆம் நாளுக்குள் எடுத்த மாதிரிதான் பேசும். இதே கணக்கைச் செம்மறிக்குப் போட்டால் ஏமாற்றம்தான். அதன் சுழற்சி 17 நாள். 23-ஆம் நாள் பார்த்தால், சினை நிற்காத ஆட்டிலும் அடுத்த சுழற்சியின் மஞ்சள் உடலம் சுரக்கத் தொடங்கியிருக்கும்.

சரி, நாள் பார்த்துத்தான் எடுத்தோம், அளவும் அதிகமாக வந்திருக்கிறது. அப்போதும் அவசரப்பட வேண்டாம். அளவு குறைவாக இருந்தால் சினை இல்லை என்பதை ஏறக்குறைய உறுதியாகச் சொல்லிவிடலாம். அதிகமாக இருந்தால் அந்த உறுதி கிடையாது. கருப்பையில் சீழ் இருந்தாலும் மஞ்சள் உடலம் கரையாமல் நிற்கும். பருவமே இல்லாத நாளில் ஊசி போட்டிருந்தாலும் மூன்று வாரம் கழித்து அளவு உயர்ந்தே இருக்கலாம். ஊசி போடும் அன்றைக்கே கொஞ்சம் பால் எடுத்து இதே ஹார்மோனைப் பரிசோதித்தால் இந்தக் கோளாறு தெரிந்துவிடும். அன்று அளவு அதிகம் என்றால் மாடு பருவத்தில் இல்லை. மற்றபடி ஒரு மாதம் கழித்து ஸ்கேன் பார்ப்பதுதான் முடிவு.

எனக்கு மிகவும் பயம் தருவது பொய்யாகக் குறைந்து வரும் அளவு. மாட்டு ரத்தத்தின் சிவப்பணுக்கள் குழாயில் இருக்கும்போதே புரோஜெஸ்டிரானைச் சிதைக்கும். வெயிலில் பைக் பெட்டிக்குள் மூன்று மணி நேரம் கிடந்த ரத்தம் சினைப் பசுவைக்கூடக் காலி என்று காட்டலாம். அதை நம்பி, பருவத்துக்கு வரட்டும் என்று மஞ்சள் உடலத்தைக் கரைக்கும் புரோஸ்டாகிளாண்டின் ஊசி போட்டால் கரு கலைந்துவிடும். ரத்தம் எடுத்ததும் குழாயைப் பனிக்கட்டியில் வைத்து, சிவப்பணுக்களிலிருந்து பிளாஸ்மா என்ற நீர்ப்பகுதியைச் சீக்கிரம் பிரித்துவிட வேண்டும். பால் என்றால் ஒவ்வொரு முறையும் கறவையின் ஒரே கட்டத்தில் எடுங்கள். இந்த ஹார்மோன் கொழுப்போடு சேர்ந்தே இருப்பதால், கடைசிப் பாலில் முதல் பாலைவிட அளவு கூடுதலாக இருக்கும்.

அப்புறம், அலகைப் பாருங்கள். சில சீட்டுகள் லிட்டருக்கு நானோமோல் என்ற வேறு அலகில் வரும். அதில் புரோஜெஸ்டிரான் 3.18 என்பது மேலே சொன்ன அலகில் 1 நானோகிராம்தான்.

காளையும் கிடாவும் இனவிருத்திக்கு உதவுமா என்று, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரானை ஒரே ஒரு முறை அளந்து தீர்ப்பு எழுதுவது வீண் வேலை. அது விட்டுவிட்டுச் சுரப்பது. காலையில் குறைந்திருக்கும் அதே காளைக்கு மதியம் பல மடங்கு ஏறியிருக்கலாம். விரைப்பையின் சுற்றளவும் விந்துப் பரிசோதனையும் அதைவிட நம்பகமானவை.

இப்போது ஏ.எம்.ஹெச். (சினைப்பை சுரக்கும் இன்னொரு ஹார்மோன்) பரிசோதனையைப் பற்றிப் பேச்சு அதிகம். சுழற்சியின் எந்த நாளில் எடுத்தாலும் பெரிதாக மாறாது என்பது அதன் வசதி. ஆனால் அது சொல்வது சினைப்பையில் முட்டை வளரும் நுண்குமிழ்கள் எத்தனை இருக்கின்றன என்பதை. கருமாற்றத்துக்கு, அதாவது ஒரு பசுவின் கருவை இன்னொரு பசுவில் வைத்து வளர்க்க, முட்டை தரும் பசுவைத் தேர்ந்தெடுக்க அது உதவும். அடுத்த ஊசிக்குச் சினை நிற்குமா என்ற கேள்வியை அதனிடம் கேட்காதீர்கள்.