பிள்ளைகளோடு ஓர் ஊசல் கடிகாரம்

ஊசல் கடிகாரம் செய்ய முனைவோர் பெரும்பாலும் பல்சக்கரத்தில்தான் கை வைக்கிறார்கள். பிள்ளைகளோடு செய்யும்போது வெறும் ஊசலில் தொடங்குவதே நல்லது. கொத்தனாரிடம் ஒரு தூக்குக்குண்டை இரவல் வாங்கி, அசையாத உத்தரத்திலிருந்து நூலில் தொங்கவிடுங்கள். நூல் கட்டிய இடத்திலிருந்து குண்டின் நடுப்பகுதிவரை 99 செ.மீ. இருக்கட்டும். குண்டை நான்கு விரற்கடை இழுத்துவிட்டு, அது போய்த் திரும்புவதை ஒரு பிள்ளை 30 முறை எண்ணவும், இன்னொரு பிள்ளை கைப்பேசியில் நேரம் பார்க்கவும் வேண்டும். கடிகாரத்தை முடுக்கும் கணத்தில் ‘ஒன்று’ என்று சொல்லாமல் ‘சுழியம்’ என்று சொல்லி எண்ணத் தொடங்கினால், 60 விநாடிக்கு மிக அருகில் வரும்.

அடுத்து, நீளத்தை மாற்றாமல் இன்னும் கனமான குண்டைக் கட்டுவதற்கு முன், நேரம் கூடுமா குறையுமா என்று ஒவ்வொரு பிள்ளையும் நோட்டில் எழுதிவைக்கட்டும். நேரம் மாறாது என்பதைத் தாமே அளந்து பார்த்த பிள்ளை அதை மறப்பதில்லை. நீளத்தை நான்கில் ஒரு பங்காக்கினால் அலைவு நேரம் பாதியாகும். குண்டை அரை மீட்டர் இழுத்துவிட்டால் 60 விநாடி 61-ஐ நெருங்கும். கடிகார ஊசல் சிறிய வீச்சில் ஆடவேண்டிய காரணம் இதுதான்.

புத்தகங்களில் இந்த நீளம் 99.4 செ.மீ. என்று காணப்படலாம். அது ஐரோப்பிய அளவு. நம் திருநெல்வேலிச் சீமைக்கு 99.1 செ.மீ.தான் சரி. நிலநடுக்கோட்டுக்கு அருகே புவியீர்ப்பு சற்றுக் குறைவு. டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ் 1656-இல் முதல் ஊசல் கடிகாரத்தை உருவாக்கிய பிறகு, 1672-இல் தென் அமெரிக்காவின் கயேனுக்குச் சென்ற ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர், பாரிசில் சரியாக ஓடிய கடிகாரம் அங்கே நாளொன்றுக்கு இரண்டரை நிமிடம் பிந்துவதைக் கண்டார். பாரிஸ் ஊசலை அப்படியே பாளையங்கோட்டையில் மாட்டினால் ஏறத்தாழ 2 நிமிடம் பிந்தும்.

இனிச் சக்கரம். 15 செ.மீ. விட்டமுள்ள பிளைவுட் வட்டத்தில் பாகைமானியால் 12 பாகைக்கு ஒன்றாக 30 பற்களைப் பிள்ளைகள் வரையட்டும். வெட்டும் வேலையைப் பெரியவரோ ஆசாரியோ செய்யவேண்டும். நான் முதலில் அட்டையில் வெட்டிய சக்கரம் சாரல் காலத்து ஈரத்தில் வளைந்துவிட்டது. ஆகவே அட்டை வேண்டாம். சக்கரத்தையும், அதன் பின்னால் 2 செ.மீ. விட்டமுள்ள ஒரு நூல் உருளையையும் ஒரே சைக்கிள் கம்பியில் அசையாமல் ஒட்டி, ஒரு பலகையில் அறைந்த, துளையிட்ட தகரத் துண்டுகளில் தாங்கவிடுங்கள். அதற்கு மேலே, மையத்திலிருந்து 10.6 செ.மீ. உயரத்தில், நங்கூர வடிவில் வெட்டிய கட்டை வரவேண்டும். அதன் இரு நுனிகளுக்கும் நடுவே ஏழரைப் பல் இடைவெளி இருந்தால்தான், ஒரு நுனி பல்லை விடும்போது மறு நுனி இன்னொரு பல்லைப் பிடிக்கும். நங்கூரத்தின் கம்பி உட்காரும் தகரத்தில் துளையிடாமல் மேலே திறந்த வாயாக வெட்டிவிட்டால், நூலை மறுபடி சுற்றும்போது நங்கூரத்தை அப்படியே தூக்கி எடுத்துவிடலாம். அந்தக் கம்பியின் பின்முனையை மடக்கி, 1.1 மீட்டர் நீள மரச்சட்டத்தை இறுகக் கட்டி, குண்டை அதில் நகர்த்தி நிறுத்தும்படி மாட்டுங்கள். ஊசல் பின்னால் ஆட இடம் வேண்டுமாதலால், பலகை சுவரை விட்டுத் தள்ளி நிற்கவேண்டும். விநாடி முள்ளாக ஓர் ஈர்க்குப் போதும். ஊசல் ஒருமுறை போய்த் திரும்பும்போது ஒரு பல் நகர்வதால் அது 60 விநாடியில் ஒரு சுற்று வரும்.

உருளையில் சுற்றிய நூலின் நுனியில் மணல் புட்டியைக் கட்டி, முன்னிருந்து பார்க்கும்போது வலப்பக்கம் தொங்கவிடுங்கள். பாதி மணலில் தொடங்கி, ஊசல் நிற்காமல் ஆடும்வரை சிறிது சிறிதாகச் சேர்க்கவேண்டும். புட்டி ஊசலில் இடிக்கக்கூடாது. விழும் இடத்தில் ஒரு தலையணை கிடக்கட்டும். ஒன்றரை மீட்டர் இறக்கத்துக்குக் கடிகாரம் ஏறத்தாழ 24 நிமிடம் ஓடும்.

சோதனைக்குப் பொறுமை வேண்டும். பற்கள் பிடிபடாமல் சக்கரம் ஓடிவிட்டால் நங்கூரத்தை ஒரு மயிரிழை தாழ்த்தவும், சிக்கி நின்றால் உயர்த்தவும் வேண்டும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஓசையைக் கேட்கச் சொல்லுங்கள். ‘டிக்’குக்கும் ‘டக்’குக்கும் இடையே நொண்டல் தெரிந்தால் பலகை சாய்ந்திருக்கிறது என்று பொருள், அதைச் சற்றே திருப்பிச் சரிசெய்யலாம். மரச்சட்டத்துக்கும் எடை உண்டு என்பதால் 99.1 செ.மீ.யில் நிறுத்திய குண்டு சிறிது வேகமாகவே ஆடும். அதைக் கொஞ்சம் இறக்கவேண்டும். 20 நிமிடம் ஓடவிட்டு, கைப்பேசி நேரத்தோடு ஒப்பிடுங்கள். 2 விநாடி முந்தினால் குண்டை 3 மி.மீ. தாழ்த்தவும், பிந்தினால் அதே அளவு உயர்த்தவும் வேண்டும். ஒரு மில்லிமீட்டர் மாற்றமே நாளுக்கு 43 விநாடி வித்தியாசம் தரும் என்பதால், ஒவ்வொரு முறையும் குண்டு நின்ற இடத்தைச் சட்டத்தில் பென்சிலால் குறித்து, பக்கத்தில் முடிவை எழுதுவது அவசியம்.

கயத்தாற்றுக் காற்றாலைகளைச் சுழற்றும் ஆனி, ஆடிக் காற்று திறந்த சன்னல் வழியே வந்தால் எந்த அளவும் நிலைக்காது. அந்த மாதங்களில் கதவைச் சாத்திவிட்டே அளக்கவேண்டும்.