பயாப்சி ரிப்போர்ட் கையில் வந்ததும் எதை முதலில் பார்ப்பது?

கட்டி என்றதும் எல்லாரும் முதலில் செய்வது அதை அமுக்கிப் பார்ப்பதுதான். உருளுகிறதா, ஒட்டிக்கொண்டிருக்கிறதா, வலிக்கிறதா என்று. மெத்தென்று தோலுக்கடியில் நழுவி ஓடினால் பெரும்பாலும் சாதாரணக் கட்டி, கல் மாதிரி அசையாமல் இருந்தால் சந்தேகப்பட வேண்டும் என்பதில் உண்மை இருக்கிறது. வலி விஷயத்தில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். வலிக்கவே இல்லையே, ஒன்றுமிருக்காது என்று மாதக்கணக்கில் விட்டுவிடுவார்கள். புற்றுநோய்க் கட்டிகள் பலவும் ஆரம்பத்தில் வலிப்பதே கிடையாது. ஆகவே விரலை நம்பி முடிவுக்கு வராமல் டாக்டரிடம் காட்டுங்கள், அவர் பயாப்சி, அதாவது கட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்துச் சோதிப்பது, எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுங்கள்.

சரி, ரிப்போர்ட் வந்துவிட்டது. செல்கள் எப்படித் தெரிந்தன என்று பத்தி பத்தியாக எழுதியிருப்பதைப் படித்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். இம்ப்ரெஷன் அல்லது டயக்னோசிஸ் என்ற தலைப்பைத் தேடுங்கள், பெரும்பாலும் கடைசியில் இருக்கும். பினைன் என்றால் தீங்கற்ற கட்டி, மாலிக்னன்ட் என்றால் புற்றுநோய். பல ரிப்போர்ட்டுகளில் இந்த இரண்டு சொல்லுமே இருக்காது, கட்டியின் பெயரை மட்டும் போட்டிருப்பார்கள். லிப்போமா என்பது கொழுப்புக் கட்டி, ஃபைப்ரோஅடினோமா மார்பகத்தில் வருவது, லியோமயோமா என்று கருப்பையில் இருந்தால் அது நாம் ஃபைப்ராய்டு என்கிறோமே அதேதான், எல்லாம் சாதுவானவை. கார்சினோமா, சார்கோமா என்று இருந்தால் புற்றுநோய். அதற்காக மற்ற 'ஓமா' எல்லாம் சாது என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். லிம்ஃபோமாவும் மெலனோமாவும் புற்றுநோய்தான். பெயர் வைத்தவர்களைத்தான் திட்ட வேண்டும்.

இரண்டுக்கும் உள்ள அசல் வித்தியாசம், கட்டி தன் எல்லைக்குள் நிற்கிறதா இல்லையா என்பதுதான். சாதாரணக் கட்டி எவ்வளவு பெரிதானாலும் பக்கத்துத் திசுவைத் தள்ளிக்கொண்டு வளருமே தவிர உள்ளே புகாது, பலவற்றுக்குச் சுற்றி ஓர் உறையே இருக்கும். புற்றுநோய் பக்கத்தில் புகுந்து வேர் விடும், அப்புறம் ரத்தக் குழாய் வழியாகவோ நிணநீர்க் குழாய் வழியாகவோ நுரையீரல், கல்லீரல், எலும்பு என்று வேறு இடத்தில் போய் வளரும். ரிப்போர்ட்டில் 'இன்வேசிவ்', அதாவது உள்ளே புகுந்தது, என்ற சொல்லுக்கு இவ்வளவு மதிப்பு வருவது இதனால்தான். 'இன் சிட்டு' என்றிருந்தால் செல்கள் புற்றுநோய் மாதிரி மாறியிருந்தாலும் தாங்கள் தொடங்கிய அடுக்கைத் தாண்டவில்லை என்று அர்த்தம். தைராய்டில் ஃபாலிக்குலர் வகைக் கட்டிகளில் இது வேடிக்கையாகவே இருக்கும்: ஊசியில் உறிஞ்சிய செல்களை எத்தனை முறை பார்த்தாலும் சாதுவா புற்றா என்று சொல்ல முடியாது, ஏனென்றால் உறையைக் கிழித்திருக்கிறதா என்பதுதான் கேள்வி, அது கட்டியை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

கிரேடையும் ஸ்டேஜையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். கிரேடு 3 என்று பார்த்துவிட்டு மூன்றாம் கட்டம் வந்துவிட்டது என்று அழுபவர்கள் உண்டு. கிரேடு என்பது செல்கள் இயல்பான வடிவத்திலிருந்து எவ்வளவு மாறியிருக்கின்றன என்பது. ஸ்டேஜ் என்பது நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பது. ஸ்டேஜுக்கு ஸ்கேன் போன்ற வேறு சோதனைகளும் வேண்டும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு வந்த ரிப்போர்ட் என்றால் 'மார்ஜின்' என்ற வரியையும் பாருங்கள், வெட்டிய ஓரத்தில் புற்றுச் செல்கள் இருக்கின்றனவா என்று அங்கே சொல்லியிருப்பார்கள்.

பினைன் என்று வந்தால் நிம்மதிதான், ஆனால் மறந்துவிடலாம் என்று அர்த்தமில்லை. மூளையைச் சுற்றியுள்ள சவ்வில் வரும் மெனிஞ்சியோமா பெரும்பாலும் சாதுதான், ஆனாலும் மண்டையோட்டுக்குள் இடமேது, மூளையை அழுத்தும். குடலின் உட்சுவரில் முளைக்கும் அடினோமா பாலிப்புகளை விட்டுவைத்தால் அவற்றில் சில மட்டும் பல வருடங்கள் கழித்துப் புற்றாக மாறும், அதனால்தான் கண்டவுடன் எடுத்துவிடுகிறார்கள். 'இன்அடிக்வேட்' என்று வந்தால் மாதிரி போதவில்லை என்றுதான் அர்த்தம், புற்று இல்லை என்று அல்ல; மறுபடி எடுக்க வேண்டும். பினைன் என்று வந்த பிறகும் கட்டி பெருத்துக்கொண்டே போனால் திரும்பப் போய்க் காட்டுங்கள், ஊசி சரியான இடத்தில் படாமல் போயிருக்கலாம்.

ஊசி குத்தினால் புற்று பரவிவிடும் என்ற பயம் இன்னும் இருக்கிறது. அப்படிப் பரவுவது மிக அரிது. விரையில் வரும் கட்டி மாதிரி ஊசி போடக்கூடாத இடங்கள் டாக்டர்களுக்கே தெரியும், அங்கே வேறு வழியில் போவார்கள். ரிப்போர்ட்டில் சந்தேகம் இருந்தால் உடனே இன்னொரு முறை குத்திக்கொள்ளவும் தேவையில்லை. எடுத்த துண்டை மெழுகில் பதித்து லேபில் வைத்திருப்பார்கள், அந்த பிளாக்கையும் ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கி வேறொரு நோயியல் மருத்துவரிடம் காட்டலாம்.